1806-க்கு ஒரு பாடவேளை: வடஆற்காட்டுக் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளில் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

இந்த நான்கு மாவட்டமும் 1989 வரை ஒரே வடஆற்காடு. அதனால்தான் நான்கு மடலாக எழுதாமல் ஒன்றாக எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன்தான். பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து, குடியாத்தம் பக்கமும் அணைக்கட்டுப் பக்கமும் சாக்பீஸ் பிடித்து, ஓய்வு பெற்று இப்போது காட்பாடியில் இருக்கிறேன். பதவி உயர்வு, பணி மாறுதல், ஓய்வூதியம் எதைப் பற்றியும் இந்த மடல் பேசாது. உங்களிடம் ஒரே ஒரு பாடவேளை கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று வேலூர் மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறோம். பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யாராவது ஒரு மாணவி 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிப் பேசுகிறாள். புதிய தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது என்ற உத்தரவு, கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கியது, பிறகு சென்னை கவர்னராக இருந்த பெண்டிங்கைக் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது என்று சமூக அறிவியல் ஆசிரியர்கள் தங்கள் பங்கைக் குறைவில்லாமல் செய்துவிடுகிறார்கள். கூட்டம் கலைந்து பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். நாம் பயிற்சி 2.3-ஐத் தொடங்கிவிடுகிறோம். காலையிலிருந்து அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்த அந்த எண்ணை ஒரு முறைகூடக் கரும்பலகையில் உடைத்துப் பார்ப்பதில்லை.

அன்றைய கணக்குப் பாடவேளையை 1806-க்குக் கொடுங்கள். அந்த ஆண்டை வரலாறு பார்த்துக்கொள்ளும். நான் கேட்பது அந்த எண்ணுக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டில் நடந்ததற்கும் அந்த எண்ணின் குணத்துக்கும் துளியும் உறவில்லை. ஒன்றும் எட்டும் ஆறும் கூட்டினால் பதினைந்து, பதினைந்தைக் கூட்டினால் ஆறு, ஆறு சுக்கிரன் என்று தொடங்கும் ஆட்கள் நம் ஊரிலும் உண்டு. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் பலகை மாற்றிய கடைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம். நம் ஊர் வரலாற்றில் நிற்கும் ஆண்டு, எண்ணியலிலும் தனித்து நிற்கும் ஓர் எண்ணாக அமைந்தது தற்செயல். தற்செயலாகக் கிடைத்தது என்பதற்காக விட்டுவிட வேண்டுமா என்ன?

அடுத்தது சார்ட் ஒட்டும் பழக்கம். ஒரு பள்ளியின் கணக்குக் கண்காட்சியில் இதே எண்ணுக்கு ஒரு சார்ட் பார்த்தேன். இரட்டை எண், பகு எண், பகாக் காரணிகள் 2, 3, 7, 43, வகுஎண்கள் 16, அவற்றின் கூடுதல் 4224, அது 1806-இன் இரு மடங்கைத் தாண்டுகிறது, ஆகவே மிகை எண், 42, 43 என்ற அடுத்தடுத்த எண்களின் பெருக்கற்பலன். எல்லாமே சரி. பக்கத்தில் நின்ற சிறுமி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். 'மிகை எண்ணாக இருப்பது 1806-க்கு மட்டும் உள்ள பெருமையாம்மா?' என்று கேட்டேன். அவள் ஆசிரியரைப் பார்த்தாள், ஆசிரியர் சார்ட்டைப் பார்த்தார்.

பெருமை ஒன்றும் இல்லை. 6 ஒரு நிறைவெண்: தன்னைத் தவிர்த்த வகுஎண்கள் 1, 2, 3 கூடினால் அதுவே வரும். அதைவிடப் பெரிய அதன் மடங்கு எதுவானாலும் மிகை எண்தான். 12 மிகை, 18 மிகை, 1800 மிகை, 1812-உம் மிகை. 'மிகை எண்' என்று 1806-க்குப் பட்டம் கட்டுவது, அது 6-ஆல் வகுபடும் என்பதையே இன்னொரு தடவை சொல்வதுதான். இப்படி எண்ணுக்குப் பெயர்ப்பலகை மாட்டி மாட்டி, எந்தப் பலகைக்குப் பின்னால் சரக்கு இருக்கிறது, எது வெறும் பலகை என்று பிரித்துப் பார்க்கவே பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமல் விட்டுவிட்டோம். என் வருத்தம் இதுதான்.

1806-க்குப் பின்னால் உண்மையிலேயே சரக்கு இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்கு இப்படித் தொடங்கலாம். குடியாத்தத்திலிருந்து 1806 தீப்பெட்டிகள் வந்திருக்கின்றன. பாதியை ஒரு கடைக்குக் கொடு: 903. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை இன்னொரு கடைக்கு: 602. ஏழில் ஒரு பங்கு: 258. நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு: 42. கூட்டிப் பார்த்தால் 1805. மிச்சம் ஒரே ஒரு பெட்டி. பகாக் காரணி ஒவ்வொன்றுக்கும் அதன் பங்கைக் கொடுத்த பிறகு சரியாக ஒன்று மிஞ்சுகிறது. இதே விளையாட்டை 30-இல் ஆடச் சொல்லுங்கள். 15, 10, 6 சேர்ந்து 31 ஆகிக் கையிருப்பையே தாண்டிவிடும். 70-இல் ஆடினால் 35, 14, 10 போக 11 மிஞ்சும். சரியாக ஒன்று மிஞ்சும் எண்கள் அத்தனை அபூர்வம். 2, 6, 42, 1806 என்று வந்து, அடுத்தது 47,058-இல்தான் கிடைக்கிறது. 1806-க்கும் 47,058-க்கும் நடுவே ஒன்றுகூட இல்லை.

இவற்றை முதன்மைப் போலி நிறைவெண்கள் என்று அழைக்கலாம். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கணினித் தேடலின் உதவியோடு, பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒன்று முதல் எட்டு வரை ஒவ்வொன்றுக்கும் இத்தகைய எண் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று காட்டியது. இதுவரை தெரிந்தவை அந்த எட்டு மட்டுமே. ஆறாவது 221 கோடியைத் தாண்டுகிறது. எட்டாவதை முழுதாகவே எழுதுகிறேன். வரிசைக்கு ஒரு பிள்ளையாகப் பிரித்துப் பலகையில் எழுத வையுங்கள்: 8490421583559688410706771261086. முப்பத்தோர் இலக்கம். இதன் பகாக் காரணிகள் 2, 3, 11, 23, 31, 47059, 2217342227, 1729101023519. கடைசிக் காரணியின் முதல் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1729, இராமானுஜன் டாக்சிக் கதையின் எண். அதுவும் தற்செயல்தான், அர்த்தம் தேடாதீர்கள். ஆனால் பின் பெஞ்சிலிருந்து ஒரு விசில் வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். எட்டுமே இரட்டை எண்கள். ஒற்றை எண்ணாக ஒன்று உண்டா, ஒன்பதாவது உண்டா, முடிவில்லாமல் உண்டா என்பதற்கெல்லாம் இன்னும் யாரும் விடை காணவில்லை. 'விடை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை' என்ற வாக்கியத்தை நம் பாடநூல்கள் சொல்வது குறைவு. நாமாவது சொல்வோம்.

இவ்வளவும் பசியைத் தூண்டத்தான். 1806-இன் உண்மையான பெருமை இனிமேல்தான் வருகிறது. பத்தாம் வகுப்பில் இரண்டாம் இயலில் மட்டு எண்கணிதம், அதாவது மீதிகளை வைத்துப் போடும் கணக்கு, வைத்திருக்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

2-இன் 1807-ஆம் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 544 இலக்கமுள்ள எண். அதை 1806-ஆல் வகுத்தால் மீதி என்ன? கால்குலேட்டர் கைவிரித்துவிடும். பலகையில் நாலே வரி போதும். 1806-இன் காரணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 43-இல் தொடங்கலாம்: 2-இன் ஏழாம் அடுக்கு 128, அது 129-க்கு ஒன்று குறைவு, 129 என்பது மூன்று 43. ஆகவே பதினான்காம் அடுக்கின் மீதி 1. 1806-ஐ 14-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 129 தடவை போகும். எனவே 1806-ஆம் அடுக்கின் மீதி 1, 1807-ஆம் அடுக்கின் மீதி 2. அடுத்து 7: 2-இன் மூன்றாம் அடுக்கு 8, மீதி 1; 1806 மூன்றால் வகுபடும்; மறுபடியும் மீதி 2. 3-க்கும் அப்படியே. 2-ஐப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக அந்த 544 இலக்க எண்ணிலிருந்து 2-ஐக் கழித்தால் வருவது 2, 3, 7, 43 நான்காலும் வகுபடும், ஆகவே 1806-ஆலும் வகுபடும். மீதி 2. போட்ட எண்ணே திரும்பி வந்துவிட்டது.

2-க்கு மட்டுமல்ல. 5-ஐப் போட்டால் 5, 1000-ஐப் போட்டால் 1000, 1806-க்குக் கீழ் எதைப் போட்டாலும் அதுவே திரும்பி வரும். விதியைப் பொதுவாகச் சொன்னால், ஓர் எண்ணின் அடுத்த எண்ணை அடுக்காக வைத்து, அந்த எண்ணால் வகுத்தால், போட்டதே மீதியாகத் திரும்ப வேண்டும். 6-இல் சோதிக்கலாம்: 5-இன் ஏழாம் அடுக்கு 78,125, 6-ஆல் வகுத்தால் மீதி 5. சரி. 10-இல் சோதிக்கலாம்: 2-இன் பதினோராம் அடுக்கு 2048, மீதி 8. 2 வரவில்லை, 10 தோற்றது. இந்த விதியில் தேறும் எண்கள் எத்தனை? முடிவில்லாத இயல் எண்கள் அத்தனையிலும் ஐந்தே ஐந்து: 1, 2, 6, 42, 1806. கடைசி எண் நம்முடையது. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் இன்னொன்று கிடையாது.

'ஐந்தே ஐந்து' என்பதை நம்பச் சொல்லாதீர்கள். நிறுவிக் காட்டுங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும். விதியில் தேறும் எண்ணை ந என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் ந-வை வகுக்கக் கூடாது. வகுத்தால் அந்தப் பகா எண்ணையே போட்டுப் பாருங்கள், அதன் அடுக்கு அந்த வர்க்கத்தால் வகுபடும், அந்தப் பகா எண் வகுபடாது, விதி அங்கேயே உடையும். இரண்டாவது நிபந்தனை: ந-வின் பகாக் காரணி ஒவ்வொன்றிலிருந்தும் 1-ஐக் கழித்தால் கிடைப்பது ந-வை வகுக்க வேண்டும். இப்படி இருந்தால் விதி நிற்கும் என்பதற்கு ஃபெர்மாவின் சிறிய தேற்றம் போதும்: ஒரு பகா எண்ணால் வகுபடாத எதையும், அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. இப்படி இருந்தே தீர வேண்டும் என்ற மறுதலைக்குக் கல்லூரிப் பாடம் ஒரு படி தேவை. அந்த இடத்தில் 'இதை மட்டும் இப்போதைக்கு ஒத்துக்கொள்ளுங்கள்' என்று வெளிப்படையாகச் சொல்லி நகரலாம். மூடி மறைத்துத் தாண்டிவிடாதீர்கள், பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

அதன் பிறகு எல்லாமே ஆறாம் வகுப்புக் கணக்கு. ந-வின் பகாக் காரணிகளைச் சிறியதிலிருந்து அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் 1-ஐக் கழித்தால் வருவது, அதற்கு முன் வந்த காரணிகளின் பெருக்கற்பலனை வகுக்க வேண்டும். முதல் காரணிக்கு முன்னால் எதுவும் இல்லை, ஆகவே 1-ஐக் கழித்தால் 1 வர வேண்டும்: அது 2. அடுத்தது, 2-இன் வகுஎண்ணோடு 1 கூட்டிக் கிடைக்கும் புதிய பகா எண்: 3 மட்டும். அடுத்தது 6-இன் வகுஎண்களோடு 1 கூட்டினால் 2, 3, 4, 7. புதியது 7 மட்டும். அடுத்தது 42. அதன் வகுஎண்களோடு 1 கூட்டினால் 2, 3, 4, 7, 8, 15, 22, 43; புதிய பகா எண் 43 மட்டும். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கதவுதான் திறக்கிறது.

இப்போது 1806. பதினாறு வகுஎண்கள். ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால், இரட்டையையும் பழையதையும் தள்ளியபின் நிற்பவை 15, 87, 259, 603, 1807. இங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும். 15 உடனே போய்விடும். 87-ஐயும் 603-ஐயும் இலக்கக் கூடுதல் போட்டே மூன்றால் அடித்துவிடுவார்கள். 259-ஐப் பகா எண் என்று பாதி வகுப்பு சத்தியம் செய்யும். அது ஏழு முப்பத்தேழு. மிஞ்சுவது 1807. 3 இல்லை, 7 இல்லை, 11 இல்லை. பலர் அந்த இடத்திலேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். நீங்கள் வாய் திறக்காதீர்கள். யாராவது ஒரு பிள்ளை 13-ஐயும் போட்டுப் பார்க்கும். 13 பெருக்கல் 139. கடைசிக் கதவும் மூடிக்கொண்டது. ஆறாவது எண் கிடையாது.

1807 மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் 1806-ஐயும் 1807-ஐயும் பெருக்கிய 32,63,442 அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும். அதோடு 1-ஐக் கூட்டினால் வரும் 32,63,443 பகா எண் என்பது இதில் இன்னொரு வேடிக்கை. சங்கிலி ஒரு கண்ணி தவறி அறுந்திருக்கிறது. 2, 3, 7, 43, 1807, 3263443 என்று ஓடும் இந்த வரிசை ஆங்கிலேயக் கணிதர் சில்வெஸ்டர் பெயரில் வழங்குகிறது. பின்னங்களைப் பற்றி அவர் 1880-இல் எழுதியபோது வந்தது.

மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு இன்னும் ஒரு படி. அடுக்குகளின் கூடுதலுக்கு நாம் சூத்திரம் தருகிறோம் அல்லவா? முதல் ந எண்களின் வர்க்கங்களின் கூடுதலை விரித்து எழுதினால் ந-வின் கெழு, அதாவது ந-வைப் பெருக்கி நிற்கும் எண், ஆறில் ஒன்று. வர்க்கத்துக்குப் பதில் ஆறாம் அடுக்குகளைக் கூட்டினால் அந்தக் கெழு நாற்பத்திரண்டில் ஒன்று. இந்தக் கெழுக்கள்தாம் பெர்னூலி எண்கள். இரண்டாவது பெர்னூலி எண்ணின் பகுதி, அதாவது பின்னத்தில் கீழே நிற்கும் எண், 6. ஆறாவதன் பகுதி 42. நாற்பத்திரண்டாவதன் பகுதி 1806. சரி, 1806-ஆவது பெர்னூலி எண்ணின் பகுதி? அதுவும் 1806. தன் வரிசை எண்ணையே பகுதியாகக் கொண்ட பெர்னூலி எண் வேறு எதுவும் கிடையாது. பகுதியில் எந்தெந்தப் பகா எண்கள் வரும் என்பதை ஃபான் ஸ்டாட், கிளௌசன் இருவரும் 1840-இல் தனித்தனியே கண்டார்கள்; அந்த நிபந்தனையும், மேலே நாம் பார்த்த '1-ஐக் கழித்தால் வகுக்க வேண்டும்' என்ற நிபந்தனையும் ஒன்றேதான். அதனால்தான் அதே எண்கள் அதே வரிசையில் வருகின்றன.

இராமானுஜனின் அச்சேறிய முதல் கட்டுரை எதைப் பற்றி? பெர்னூலி எண்களைப் பற்றி, 1911-இல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில். அவர் பிறந்தநாளான டிசம்பர் 22 வந்தால் எல்லாப் பள்ளியிலும் 1729-ஐயும் டாக்சியையும் வரைகிறோம். கதை நல்ல கதைதான். ஆனால் அவர் உட்கார்ந்து உழைத்தது எதில் என்று ஒரு பிள்ளைக்காவது சொல்ல, டாக்சியைவிட 1806 நல்ல வழி. அதற்குக் கும்பகோணம் வரை போக வேண்டாம். கோட்டை அகழிக் கரையிலிருந்தே தொடங்கலாம்.

'போர்ஷன் முடியாது சார்' என்பீர்கள். எனக்குத் தெரியாததா? தேர்ச்சி விழுக்காட்டைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்கும் சங்கடம் எனக்கும் பழக்கம். ஆனால் இது போர்ஷனுக்கு வெளியே இல்லை. அடிப்படை எண்ணியல் தேற்றம், வகுஎண்கள், மட்டு எண்கணிதம், சிறப்புத் தொடர்கள் நான்கும் அதே இயலில் இருக்கின்றன. ஜூலை இரண்டாம் வாரத்தில் நீங்கள் பெரும்பாலும் அந்த இயலில்தான் நிற்பீர்கள். பொதுத்தேர்வில் 1806 வராது, உண்மை. 544 இலக்க எண்ணின் மீதியை நாலு வரியில் எடுத்த பிள்ளைக்கு, தேர்வில் வரும் மீதிக் கணக்கு பயம் தராது.

ஜூலை 10 ஞாயிறாக வந்தால் அடுத்த வேலைநாளில் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ட் ஒட்ட வேண்டாம், போட்டி வைக்க வேண்டாம், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கணக்குக் காட்டவும் வேண்டாம். ஆறாம் வகுப்புக்குத் தீப்பெட்டிக் கணக்கு மட்டும் போதும், எட்டுக்குக் கதவு அடைபடும் கணக்கு வரை, பத்துக்கு எல்லாமே.

வீட்டுப்பாடமாக ஒரு கேள்வி கொடுங்கள். தீப்பெட்டிக் கணக்கில் 1806-ஐப் போலவே 47,058-உம் ஒரே ஒரு பெட்டியை மிச்சம் வைக்கிறது. ஆனால் போட்டது திரும்பி வரும் மீதிக் கணக்கில் தோற்றுப்போகிறது. ஏன்? அதன் காரணிகள் 2, 3, 11, 23, 31. 11-ஐக் கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவன்,
காட்பாடி